சொன்ன இடத்துக்கு ஏன் போகவில்லை?

திருகு அளவியால் ஒரு கம்பியின் விட்டத்தை அளந்திருக்கிறீர்கள் அல்லவா? அப்போது உங்கள் ஆசிரியர் ஓர் எச்சரிக்கை சொல்லியிருப்பார்: திருகை ஒரே திசையில் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும், தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்னுக்குக் கொண்டு சென்று, மறுபடியும் முன்பு வந்த திசையிலேயே வர வேண்டும். செய்முறைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டு நாம் மறந்துவிடும் வாக்கியங்களுள் இதுவும் ஒன்று. இந்த வாக்கியத்தின் உண்மையான பயன் தெரிய வேண்டுமானால், திருகால் நகரும் ஒரு பெரிய இயந்திரத்தைச் சொந்தமாகச் செய்து பார்க்க வேண்டும்.

அப்படிப்பட்ட இயந்திரம்தான் சி.என்.சி. ரௌட்டர். வேகமாகச் சுழலும் ஒரு வெட்டுக் கருவியைக் கணிப்பொறி சொல்லும் பாதையில் நகர்த்தி, மரப்பலகையிலும் பிளாஸ்டிக் தகட்டிலும் இது எழுத்துகளைச் செதுக்கும், துளையிடும், சக்கரம், பல்சக்கரம் என்று வேண்டிய வடிவங்களை வெட்டித் தரும். எண்களைக் கொடுத்து இயந்திரத்தை ஓட்டும் முறை 1952-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் செயல்விளக்கமாகக் காட்டப்பட்டது. அன்று வெற்றிடக் குழாய்கள் நிறைந்த பெட்டிகள் செய்த வேலையை இன்று உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டை செய்துவிடுகிறது. ஆகவே பொறியியல் மாணவர்களும், ஆர்வமுள்ள பள்ளி மாணவர்களும்கூட, உதிரிப் பாகங்களை வாங்கி இதைத் தாங்களே பூட்டிப் பார்க்கிறார்கள்.

பூட்டிய அன்று இயந்திரம் ஓடும். அதில் ஐயமில்லை. மறுநாள் 100 மி.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம் வெட்டி அளந்தால் 99.7 வரும். அல்லது சதுரம் சாய்சதுரமாக இருக்கும். அல்லது வட்டம் வட்டமாக இராது. இனிமேல்தான் இயற்பியல் தொடங்குகிறது.

முதலில் ஓர் உண்மையை மனத்தில் வையுங்கள். கருவி எங்கே நிற்கிறது என்பது இந்தக் கணிப்பொறிக்குத் தெரியாது. கண்ணைக் கட்டிவிட்டு, "வாசலிலிருந்து 40 அடி வைத்தால் கிணறு" என்று சொல்லி அனுப்பப்பட்ட மனிதனைப் போன்றது அது. அடிகளை எண்ணும், அவ்வளவுதான். நடுவில் யாராவது தள்ளிவிட்டாலும், கால் வழுக்கினாலும், 40 எண்ணி முடித்ததும் "கிணற்றடிக்கு வந்துவிட்டேன்" என்று நிம்மதியாகச் சொல்லும். விலை உயர்ந்த தொழிற்சாலை இயந்திரங்களில் நகர்ந்த தூரத்தைப் பார்த்துச் சொல்லும் அளவுகோல்களும் உணர்விகளும் உண்டு. வீட்டில் செய்யும் இயந்திரத்தில் பெரும்பாலும் இவை இரா.

அடி வைக்கும் காலாக இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். சாதாரண மோட்டாரைப் போல இது ஒரே ஓட்டமாகச் சுழலாது. ஒரு மின் துடிப்பு கொடுத்தால் ஒரு படி நகர்ந்து நிற்கும். பரவலாகப் பயன்படும் வகையில் ஒரு படி 1.8 பாகை, அதாவது முழுச் சுற்றுக்கு 200 படிகள். மோட்டாரை இயக்கும் டிரைவர் என்னும் மின்சுற்று ஒவ்வொரு படியையும் 8 நுண்படிகளாகப் பிரிப்பதாகக் கொள்வோம். அப்போது ஒரு சுற்றுக்கு 1600 துடிப்புகள். மோட்டாருடன் இணைந்த திருகுத் தண்டு ஒரு சுற்றில் நட்டை 8 மி.மீ. நகர்த்தினால், 1 மி.மீ. நகர 200 துடிப்புகள் தேவை. ஒரு துடிப்புக்கு 0.005 மி.மீ. உங்கள் திருகு அளவியின் மீச்சிற்றளவில் பாதி!

இந்தக் கணக்கிலேயே ஒரு பொறி காத்திருக்கிறது. கடையில் கிடைக்கும் 8 மி.மீ. விட்டமுள்ள திருகுத் தண்டை அளந்து பார்த்தால், அடுத்தடுத்த புரிகளுக்கு இடையே 2 மி.மீ. தூரமே இருக்கும். பாடப் புத்தகத்தில் படித்தபடி, ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. என்று கணக்கிட்டால் இயந்திரம் நான்கு மடங்கு தூரம் ஓடிவிடும். காரணம், அந்தத் தண்டில் ஒரு புரிக்குப் பதிலாக நான்கு புரிகள் ஒன்றையொன்று அணைத்தபடி சுற்றிச் செல்கின்றன. தண்டின் முனையை உற்றுப் பார்த்தால் நான்கு புரிகள் தொடங்கும் இடங்களும் தெரியும். நான்கு மடங்குப் பிழை கண்ணில் அறைவதால் உடனே பிடிபட்டுவிடும். சிறிய பிழைகள்தான் ஆளை ஏய்க்கும்.

100 மி.மீ. போகச் சொன்னோம்; 99.7 போயிற்று. என்ன செய்வீர்கள்? பலரும் உடனே செய்வது இது: 200 துடிப்புகள் என்ற எண்ணை 200.6 என்று மாற்றிவிடுவார்கள். மறுபடி ஓட்டினால் சரியாக 100 வரும். கைதட்டல்! ஆனால் 200 மி.மீ. போகச் சொல்லுங்கள், 200.3 வரும். 50 போகச் சொல்லுங்கள், 49.85 வரும். இப்போது இயந்திரத்தில் ஒரு நோய்க்குப் பதிலாக இரண்டு நோய்கள். இரண்டாவது நோய் வைத்தியரே கொடுத்தது.

ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு மருந்து கொடுத்ததுதான் இங்கே நடந்த தவறு. 50, 100, 150, 200 என்று பல தூரங்களை அளந்து, சொன்ன தூரத்தைக் கிடையாகவும் போன தூரத்தைக் குத்தாகவும் வைத்து வரைபடம் போட்டிருந்தால் நோய் தானே பெயரைச் சொல்லியிருக்கும். புள்ளிகள் ஒரு நேர்க்கோட்டில் அமையும். அந்தக் கோட்டின் சாய்வு 1 ஆக இல்லை என்றால் துடிப்புக் கணக்கில் பிழை. தூரம் கூடக் கூடப் பிழையும் கூடும். சாய்வு 1 ஆகவே இருந்து, கோடு மட்டும் ஆதிப்புள்ளிக்குச் சற்றுக் கீழே இறங்கியிருந்தால், அதாவது வெட்டுத்துண்டு −0.3 ஆக இருந்தால், எவ்வளவு தூரம் போனாலும் அதே 0.3 தான் குறைகிறது என்று பொருள். கணித வகுப்பில் சாய்வும் வெட்டுத்துண்டும் எதற்கு என்று கேட்டவர்கள் இங்கே வந்து பார்க்கலாம்.

தூரத்தைப் பொருட்படுத்தாமல் ஒரே அளவாகக் குறையும் அந்த 0.3, பெரும்பாலும் பின்னடைவுப் பிழை. பட்டறைகளில் இதை "ப்ளே" என்பார்கள். திருகின் புரியும் நட்டின் புரியும் இம்மியும் இடைவெளியின்றிப் பொருந்தினால் திருகு சுழலவே முடியாது, சிக்கிக்கொள்ளும். எனவே இரண்டுக்கும் நடுவே சிறிது இடைவெளி விட்டே செய்வார்கள். திருகு வலப்புறமாகத் தள்ளும்போது புரியின் ஒரு பக்கம் நட்டைத் தொட்டு நிற்கிறது. திசையை மாற்றினால் புரி அந்த இடைவெளியைக் கடந்து மறுபக்கத்தைத் தொட்ட பிறகே நட்டு அசையும். அதுவரை மோட்டார் சுழல்கிறது, கணிப்பொறி எண்ணுகிறது, கருவி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. உங்கள் ஆசிரியர் தந்த எச்சரிக்கைக்குக் காரணம் இதுவே.

இதை அளப்பது எளிது. 0.01 மி.மீ. காட்டும் ஒரு டயல் கேஜை இயந்திரத்தின் மேசையில் நிறுத்தி, அதன் ஊசிமுனை கருவி பூட்டிய பாகத்தைத் தொடும்படி வையுங்கள். கருவியை டயலை நோக்கி ஒரு மி.மீ. நகர்த்துங்கள். முள்ளைச் சுழியில் வையுங்கள். இனி 0.02, 0.02 ஆகப் பின்னோக்கி நகர்த்துங்கள். எத்தனை கட்டளைகளுக்குப் பிறகு முள் அசையத் தொடங்குகிறதோ, அதுவே பின்னடைவின் அளவு. டயல் கேஜைக் கோணலாக வைத்துவிடாதீர்கள். நகரும் திசைக்கு 10 பாகை சாய்ந்திருந்தாலே அது ஒன்றரை விழுக்காடு தவறாகக் காட்டும்.

பின்னடைவு இருக்கிறது என்று கண்டதும் நட்டைக் கழற்றி எறிய வேண்டாம். இடைவெளி நட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. திருகுத் தண்டைத் தாங்கும் பேரிங்கில் தண்டு முன்னும் பின்னும் நழுவலாம். மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங்கின் சிறு திருகு தளர்ந்திருக்கலாம். டயல் கேஜின் முனையைத் தண்டின் நுனியில் வைத்துத் திசை மாற்றிப் பாருங்கள். தண்டு நீளவாக்கில் அசைந்தால் குற்றம் பேரிங்கில். தண்டு அசையவில்லை, நட்டு மட்டும் தாமதிக்கிறது என்றால் குற்றம் நட்டில். இப்படி மோட்டாரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கண்ணியாகக் கருவி வரை நடந்து வந்தால், சங்கிலி எங்கே தளர்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நட்டே காரணமானால், இரண்டு நட்டுகளை நடுவில் ஒரு சுருள்வில்லுடன் பூட்டலாம். வில் ஒரு நட்டைப் புரியின் ஒரு பக்கத்துக்கும் மற்றதை மறுபக்கத்துக்கும் தள்ளிக்கொண்டே இருப்பதால் இடைவெளிக்கு இடமில்லை. "ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் 0.3 மி.மீ. கூடுதலாகப் போ" என்று கணிப்பொறிக்குச் சொல்லிவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அப்படிச் செய்யும் நிரல்களும் உண்டு. காற்றில் ஓடும்போது அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் வெட்டும்போது மரம் கருவியைப் பிடித்து இழுக்கிறது. அந்த இழுப்பு, நட்டை இடைவெளிக்குள் அங்கும் இங்கும் தள்ளிவிடும். எந்தக் கணத்தில் எந்தப் பக்கம் என்பது நிரலுக்கு எப்படித் தெரியும்? என் கருத்தில், தளர்ச்சியை ஸ்பேனரால் தீர்த்துவிட்டு, மிச்சமிருப்பதை மட்டும் நிரலுக்கு விடுவதே முறை.

பின்னடைவுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. ஒரு வட்டம் வெட்டுங்கள். வட்டத்தின் வலக்கோடியிலும் இடக்கோடியிலும் எக்ஸ் அச்சு திசை மாறுகிறது. மேல்கோடியிலும் கீழ்கோடியிலும் ஒய் அச்சு திசை மாறுகிறது. இந்த நான்கு இடங்களிலும் சிறு தட்டையோ படியோ தெரிந்தால் பின்னடைவு என்று அடித்துச் சொல்லலாம். வட்டம் ஒழுங்காக இருந்து, மூலைவாட்டில் நீண்ட முட்டை வடிவம் பெற்றிருந்தால் அது வேறு கதை: இரண்டு அச்சுகளும் செங்குத்தாக இல்லை. அதற்கு 400 மி.மீ. நீளமும் 300 மி.மீ. அகலமும் கொண்ட ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் துளையிட்டு, இரு மூலைவிட்டங்களையும் அளந்தால் போதும். பிதாகரஸ் கணக்குப்படி இரண்டும் 500 வர வேண்டும். ஒன்று மற்றதைவிட 1.2 மி.மீ. நீளமாக இருந்தால் கோணத்தில் சுமார் 0.14 பாகை பிசகு. பாகைமானியில் இதைக் காண முடியாது. மூலைவிட்டமோ காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இனி மீண்டும் மீண்டும் வரும் பிழையைப் பார்ப்போம். திருகுத் தண்டு சற்றே வளைந்திருந்தாலும், மையம் விலகிப் பூட்டப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் நட்டு சிறிது முந்தும். பிறகு சிறிது பிந்தும். சுற்று முடியும்போது கணக்கு நேராகிவிடும். ஆகையால் 8 மி.மீ. நகரும் தண்டை 8, 16, 24 என்று அளந்தால் பிழையே இல்லாததுபோல் தோன்றும்! ஒவ்வொரு மி.மீ.க்கும் அளந்தால்தான் அலைபோல் ஏறி இறங்கும் வரைபடம் கிடைக்கும். அந்த அலையின் நீளம் 8 மி.மீ. ஆக இருந்தால் குற்றவாளி தண்டு.

இந்தப் பிழைக்கு இயற்பியல் வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹென்றி ரோலண்ட், ஒளியை நிறமாலையாகப் பிரிக்கும் கீற்றணிகளைக் கீறுவதற்கு 1880-களின் தொடக்கத்தில் ஓர் இயந்திரம் அமைத்தார். வைர முனையால் அங்குலத்துக்கு 14,000-க்கு மேற்பட்ட கோடுகள்! கோடுகளின் இடைவெளியை நிர்ணயித்தது ஒரு திருகு. அந்தத் திருகில் சுற்றுக்கு ஒருமுறை வரும் மிகச் சிறிய பிழை இருந்தாலும், நிறமாலையில் உண்மையான ஒவ்வொரு கோட்டின் இருபுறமும் இல்லாத போலிக் கோடுகள் தோன்றின. அறிஞர்கள் அவற்றுக்குப் "பேய்கள்" என்றே பெயர் வைத்தார்கள். ரோலண்ட் பேய்கள் என்ற பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது. பிழையற்ற திருகைச் செய்வது எப்படி என்பதிலேயே அவர் பெரும் உழைப்பைச் செலவிட்டார்; கலைக்களஞ்சியத்தில் "திருகு" என்ற தலைப்பில் கட்டுரையும் எழுதினார். அவர் விரட்டிய அளவுக்கு நுண்மையான பேய்கள் நம் மரப்பலகையில் தெரியப்போவதில்லை. ஆனால் இரண்டும் ஒரே சாதிப் பேய்கள்தாம்.

இதுவரை சொன்னவை, இயந்திரத்தை எத்தனை முறை ஓட்டினாலும் அப்படியே இருக்கும் பிழைகள். ஓட்ட ஓட்டச் சேர்ந்துகொண்டே போகும் பிழைகள் வேறு வகை. தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வரச் சொன்னால், கருவி வேறோர் இடத்தில் வந்து நிற்கும்.

இவற்றுள் முதன்மையானது படி தவறுதல். ஸ்டெப்பர் மோட்டாரின் சுழலியில் 50 பற்கள் இருக்கின்றன. சுருள்களின் காந்தப்புலம் பற்களை இழுத்துக்கொண்டு நகர்கிறது. சுமை அளவுக்கு மீறினால் பல் பிடி நழுவும். ஆனால் கண்ட இடத்தில் நில்லாமல், அடுத்த பல்லின் இடத்தில் போய் மாட்டிக்கொள்ளும். ஒரு பல்லுக்கு 360ஐ 50 ஆல் வகுத்த 7.2 பாகை, அதாவது சரியாக 4 படிகள். நம் திருகுத் தண்டில் அது 0.16 மி.மீ. ஆகவே படி தவறியதால் வந்த பிழை 0.16, 0.32, 0.48 என்று அதன் மடங்குகளாகவே இருக்கும். பிழை 0.16-இன் மடங்காக இருந்தால் மோட்டாரைச் சந்தேகியுங்கள். 0.21, 0.37 என்று ஒழுங்கில்லாமல் வந்தால் கப்ளிங் வழுக்குகிறதா என்று பாருங்கள். மோட்டாரின் தண்டுக்கும் கப்ளிங்குக்கும் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு கிழித்துவிட்டால், வழுக்கியதும் கோடு உடைந்து தெரியும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

மோட்டார் ஏன் பிடி நழுவுகிறது? மெதுவாகச் சுழலும்போது அது பலசாலி. வேகம் கூடினால் வலு குறைகிறது. சுருளின் தன் மின்தூண்டல் மின்னோட்டத்தை உடனே ஏறவிடாது என்று படித்திருக்கிறீர்கள். மின்தூண்டல் எண் 3 மில்லிஹென்றி உள்ள சுருளில் 1.5 ஆம்பியர் ஏற, 12 வோல்ட்டில் சுமார் 0.38 மில்லி வினாடி ஆகும். மின்தடையையும் எதிர் மின்னியக்கு விசையையும் விட்டுவிட்டால்கூட. கருவி நிமிடத்துக்கு 3000 மி.மீ. வேகத்தில் ஓடினால் மோட்டாருக்கு ஒரு படிக்குக் கிடைப்பதே 0.8 மில்லி வினாடி. அதில் பாதி நேரம் மின்னோட்டம் ஏறுவதிலேயே கழிந்துவிடுகிறது. 24 வோல்ட் கொடுத்தால் ஏறும் நேரம் பாதியாகும். வேகத்தையும் முடுக்கத்தையும் குறைத்துப் பாருங்கள். பிழை மறைந்தால் நோய் இதுவே.

குறைத்தும் மறையாவிட்டால்? எங்கள் கல்லூரியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நால்வர், பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு அறைப் பெயர்ப் பலகைகள் செய்து தர ஒப்புக்கொண்டார்கள். பிரெயில் எழுத்துகளின் புள்ளிகள் தொட்டால் தெரியும்படி மேடாக இருக்க வேண்டும். அருகருகே உள்ள புள்ளிகளுக்கு நடுவே சுமார் 2.5 மி.மீ.; புள்ளியின் உயரம் சுமார் அரை மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் ரௌட்டரால் 1.1 மி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு, ஒவ்வொன்றிலும் 1.6 மி.மீ. விட்டமுள்ள ஒரு குண்டுமணியை அழுத்திவிட்டால் அரை மி.மீ. வெளியே நிற்கும். நல்ல திட்டம். முதல் பலகை தயாராகிப் பள்ளிக்குப் போயிற்று. ஒரு சிறுமி விரலால் தடவி முதல் சொல்லை வாசித்தாள். இரண்டாம் சொல்லில் தயங்கினாள். மூன்றாவது சொல் வந்ததும், "இங்கே ஒன்றும் எழுதவில்லையே" என்றாள். மணிகள் எல்லாம் இருந்தன. ஆனால் தகட்டின் மட்டத்துக்குக் கீழே அமுங்கிக் கிடந்தன.

துளைகள் போகப்போக ஆழமாகின்றன என்பது புரிந்தது. இசட் அச்சு, ஸ்பிண்டிலின் எடையைத் தூக்க முடியாமல் மேலேறும்போது படி தவறவிடுகிறது என்றான் ஒருவன். நியாயமான ஊகம். வேகத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். மாற்றமில்லை. நட்டு தேய்ந்துவிட்டது என்றான் இன்னொருவன். புது நட்டு வந்தது. மாற்றமில்லை. மூன்றாம் நாள், அதுவரை பேசாமலிருந்த ஒரு மாணவி, புதிதாகத் துளையிட்ட தகட்டை எடுத்துக்கொண்டாள். துளைக்குள் ஓர் ஊசியை நிறுத்தி, வெளியே நீட்டிய உயரத்தை டயல் கேஜால் அளந்து, அட்டவணை போட்டாள். முதல் துளை 1.10 மி.மீ. 26-ஆம் துளை 1.35. 51-ஆம் துளை 1.60. 101-ஆம் துளை 2.10.

எண்களை உற்றுப் பாருங்கள். 25 துளைகளுக்கு 0.25, 50 துளைகளுக்கு 0.50. துளைக்கு 0.01 வீதம், பிசகாமல். படி தவறியிருந்தால் 0.16, 0.16 ஆகத் தாவியிருக்கும். இங்கே தாவலே இல்லை. வேகம் மாறினாலும் இதே எண். தகட்டை எடுத்துவிட்டு வெறும் காற்றில் நூறு முறை ஏற்றி இறக்கினார்கள்; அப்போதும் 1 மி.மீ. இறங்கிவிட்டது. ஆகவே சுமையும் காரணமில்லை. அடுத்து, ஒவ்வொரு முறையும் 5 மி.மீ.க்குப் பதில் 20 மி.மீ. உயரம் ஏற்றி இறக்கினார்கள். பயணத் தூரம் நான்கு மடங்கு. பிழை அதே அளவு. மிஞ்சியிருப்பது ஒன்றே: திசை எத்தனை முறை மாறுகிறது என்பது. 0.01 மி.மீ. என்பது எத்தனை துடிப்புகள்? இரண்டு.

இரண்டு துடிப்பு எப்படி வரும்? ஒரு துடிப்பு காணாமல் போனால் பிழை ஒன்று. மேலே போக வேண்டிய ஒரு துடிப்பு கீழே போய்விட்டால் பிழை இரண்டு! கணிப்பொறி அட்டையிலிருந்து டிரைவருக்கு இரண்டு கம்பிகள் போகின்றன. ஒன்று "எந்தத் திசை" என்று சொல்கிறது. மற்றது "ஒரு அடி வை" என்று சொல்கிறது. நடுவே ஒளியால் சைகையைக் கடத்தும் ஒரு சில்லு இருக்கும். அது விரைவாக விழித்துக்கொள்ளும். உறங்குவதற்குச் சற்று நேரம் எடுக்கும். ஆகையால் "கீழே" என்பது "மேலே" என்று மாறும்போது மட்டும் திசைச் செய்தி சில மைக்ரோ வினாடிகள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் முதல் அடி வந்துவிட்டது. டிரைவர் பழைய திசையிலேயே அந்த ஒரு அடியை வைத்தது. "மேலே" என்பது "கீழே" என்று மாறும்போது தாமதம் இல்லாததால், அந்தப் பிழையை ஈடுசெய்ய எதிர்ப்பிழையும் இல்லை. துளைக்கு இரண்டு நுண்படிகள் வீதம் ஸ்பிண்டில் பாதாளம் நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

திசைச் செய்திக்கும் முதல் துடிப்புக்கும் இடையே 20 மைக்ரோ வினாடி காத்திருக்கும்படி நிரலில் ஓர் எண்ணை மாற்றினார்கள். அவ்வளவுதான். பழைய நட்டிலும் குற்றமில்லை. அதையே திரும்பப் பூட்டினார்கள். இரண்டாம் பலகையை அந்தச் சிறுமி கடைசிச் சொல் வரை நிற்காமல் வாசித்தாள்.

காற்றில் ஓட்டும்போது எல்லாம் சரி, வெட்டும்போது மட்டும் தவறு என்றால் வளைவைச் சந்தேகிக்க வேண்டும். கருவியும் ஒரு வளைசட்டம்தான். வெளியே நீட்டிய நீளம் இரண்டு மடங்கானால் அதே விசைக்கு எட்டு மடங்கு வளையும். விட்டம் பாதியானால் பதினாறு மடங்கு. எனவே கருவியைத் தேவைக்கு மேல் நீட்டாதீர்கள். ஒரே ஆழத்தில் வெட்டாமல், பல தடவையாக வெட்டிக் கடைசியில் மெல்லியதாக ஒருமுறை சீவினால் பெரும்பகுதி சரியாகிவிடும். கருவி தொங்கும் பாலம் சற்றே ஆடினாலும் பிழை வரும். வழித்தண்டுகளுக்கு 100 மி.மீ. கீழே கருவியின் முனை இருந்தால், பாலம் ஒரு கலை சாய்வதால், அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு சாய்வதால், முனை 0.03 மி.மீ. விலகும். அளக்கும் கோடும் வேலை நடக்கும் கோடும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஜெர்மானிய இயற்பியலார் எர்ன்ஸ்ட் ஆபே 1890-இல் வற்புறுத்தியது இதனால்தான்.

வெப்பத்தால் வரும் பிழையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 300 மி.மீ. எஃகுத் தண்டு 10 பாகை செல்சியஸ் சூடேறினால் 0.04 மி.மீ.கூட நீளாது. மரம்தான் ஈரக்காற்றில் உப்பி, வறண்ட காற்றில் சுருங்கி, இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டுவிடும். மழைநாளில் வெட்டியதை வெயில் நாளில் அளக்காதீர்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு வழக்கு. ஓர் இயந்திரத்தில் 50, 100, 200 மி.மீ. பக்கமுள்ள மூன்று சதுரத் துண்டுகளை வெட்டினார்கள். அளந்தால் 50.2, 100.2, 200.2 என்று வந்தன. அதே பலகையில் 20 மி.மீ. விட்டத்தில் வெட்டிய வட்டத் துளைகள் எல்லாம் 19.8 இருந்தன. டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் பின்னடைவு இல்லை. தொடங்கிய இடத்துக்குக் கருவி மிகச் சரியாகத் திரும்பி வருகிறது. துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரங்களும் சொன்னபடியே இருக்கின்றன. திருகுமில்லை, மோட்டாருமில்லை, டிரைவருமில்லை. வெளியளவுகள் கூடி, உள்ளளவுகள் அதே அளவு குறையக் காரணமான குற்றவாளி யார்? வெட்டுக் கருவியை ஒரு நிமிடம் கழற்றி, உங்கள் திருகு அளவியின் முகப்புகளுக்கு நடுவே வைத்துப் பாருங்கள்.